ஹெர்க்யூல் புவாரோ வரிசை: படிக்கப் போகிறவர்களின் கேள்விகளும் படித்தவர்களின் சண்டைகளும்

அகதா கிறிஸ்டி எழுதிய, பெல்ஜியத் துப்பறிவாளர் ஹெர்க்யூல் புவாரோவின் கதைகள் 1920-இல் தொடங்கி 1975-இல் முடிந்தன. 33 நாவல்கள், ஐம்பதுக்கும் மேற்பட்ட சிறுகதைகள், ஒரு நாடகம். இவ்வளவு நீண்ட வரிசைக்குள் புதிதாக நுழைகிறவர்களுக்கு எங்கே ஆரம்பிப்பது என்றே தெரிவதில்லை. ஏற்கெனவே படித்தவர்களோ எது உசத்தி, எது மட்டம் என்று இன்றுவரை ஒத்துப்போகவில்லை. இரண்டு தரப்பிலும் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கு என் பதில்கள் இவை. எந்த நாவலின் கொலையாளியையும் இங்கே சொல்லவில்லை. புவாரோவின் முடிவைப் பற்றி மட்டும் ஒரு கேள்வியில் பேசியிருக்கிறேன். அதன் தலைப்பிலேயே எச்சரிக்கையும் இருக்கிறது.

எந்த நாவலில் தொடங்கலாம்?

முதல் நாவலில் வேண்டாம். 'த மிஸ்டீரியஸ் அஃபேர் அட் ஸ்டைல்ஸ்' மோசமான நாவல் இல்லை. ஆனால் அது ஒரு புதிய எழுத்தாளரின் முதல் முயற்சி. தடயங்களை அள்ளிக் கொட்டியிருப்பார். காபிக் கோப்பை, கிழிந்த உயில், கதவுத் தாழ்ப்பாள் என்று ஒவ்வொன்றையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாமல் பலர் பாதியிலேயே மூடிவிடுகிறார்கள்.

'த ஏபிசி மர்டர்ஸ்' (1936) நல்ல வாசல். கொலைகாரன் முன்கூட்டியே புவாரோவுக்குக் கடிதம் போடுகிறான். ஊர்ப் பெயர்கள் அகரவரிசையில் போகின்றன. ஒவ்வொரு பிணத்தின் அருகிலும் ஒரு ரயில்வே கால அட்டவணை கிடக்கிறது. வேகம் குறையாத கதை. 'பெரில் அட் எண்ட் ஹவுஸ்' (1932) இன்னொரு நல்ல வாசல்.

'மர்டர் ஆன் த ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்' முடிவு உங்களுக்கு இதுவரை தெரியாது என்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர். வேறு எதையும் தொடாமல் இன்றைக்கே அதை எடுத்துவிடுங்கள். சினிமாவும் நண்பர்களும் உங்களை ரொம்ப நாள் விட்டுவைக்க மாட்டார்கள்.

வெளிவந்த வரிசையிலேயே படிக்க வேண்டுமா?

பொதுவாகத் தேவையில்லை. ஒவ்வொரு வழக்கும் தனித்தனி. ஆனால் சில கண்ணிகள் உண்டு, அவற்றைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

'டம்ப் விட்னஸ்' (1937) நாவலில் புவாரோ பேச்சுவாக்கில் நான்கு பழைய கொலையாளிகளின் பெயரைச் சொல்லிவிடுகிறார். முதல் நாவல், 'ரோஜர் ஆக்ராய்டு', 'ப்ளூ ட்ரெய்ன்', 'டெத் இன் த க்ளவுட்ஸ்' ஆகிய நான்கும் அந்த ஒரே இடத்தில் போய்விடும். 'கார்ட்ஸ் ஆன் த டேபிள்' (1936) ஓரியன்ட் எக்ஸ்பிரஸின் முடிவைக் கிட்டத்தட்டப் போட்டு உடைக்கிறது. எனவே இந்த இரண்டையும் பின்னால் தள்ளுங்கள். அந்தக் காலத்தில் ஒவ்வொரு புத்தகமும் வந்த கையோடு விற்றது. முந்தையதைப் படிக்காமல் யாராவது இதைத் திறப்பார்கள் என்று யாரும் யோசித்திருக்க மாட்டார்கள் போலும்.

இன்னொரு விதி, இது கட்டாயம்: புவாரோவின் கடைசி வழக்கான 'கர்ட்டன்' கடைசியில்தான். அதற்கு முன் 'ஸ்டைல்ஸ்' படித்திருக்க வேண்டும். இரண்டும் நடப்பது ஒரே வீட்டில்.

'ரோஜர் ஆக்ராய்டு' வாசகரை ஏமாற்றும் நாவல் என்கிறார்களே, உண்மையா?

இந்த வரிசையைப் பற்றி நடந்த சண்டைகளிலேயே பழையது இது. நாவல் 1926-இல் வந்தது. முடிவைப் படித்ததும் ஒரு கூட்டம் கொதித்தது: ஆட்டத்தின் விதியையே மீறிவிட்டார், இப்படிச் செய்தால் வாசகர் எப்படிக் கண்டுபிடிப்பார் என்று. இன்னொரு கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. டாரத்தி எல். சேயர்ஸ், தாமும் துப்பறியும் நாவல் எழுதுகிறவர், கிறிஸ்டிக்காக வாதாடினார். எல்லோரையும் சந்தேகிப்பதுதான் வாசகரின் வேலை, அதைச் செய்யத் தவறியவர் எழுத்தாளரைக் குறை சொல்லக் கூடாது என்பது அவர் கட்சி.

நானும் சேயர்ஸ் கட்சிதான். அதற்குக் காரணம் நாவலின் முடிவு மட்டும் அல்ல. முடிவு தெரிந்த பிறகு முதல் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போங்கள். ஒளித்துவைத்தார் என்று நாம் நினைத்த ஒவ்வொன்றும் வெட்டவெளியில் கிடக்கும். முதல் தடவை நம் கண் அதைத் தாண்டிப் போயிருக்கிறது, அவ்வளவுதான். வாசகரிடம் தகவலை மறைத்து அதிர்ச்சி கொடுக்க யாராலும் முடியும். தகவலைக் கையில் கொடுத்துவிட்டு, அது தகவல் என்றே தெரியாமல் செய்வதற்குத்தான் திறமை வேண்டும். இந்த ஒரு நாவலுக்காக மட்டுமே கிறிஸ்டியை நான் பெரிய எழுத்தாளர் என்பேன்.

சண்டை இன்னும் ஓயவில்லை என்பதற்கு ஒரு சான்று: 1998-இல் பியேர் பயார் என்ற பிரெஞ்சு இலக்கியப் பேராசிரியர் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். புவாரோ தவறான ஆளைக் குற்றவாளி ஆக்கிவிட்டார், உண்மையான கொலையாளி வேறு ஒருவர் என்பது அவர் வாதம். அவர் முடிவு எனக்கு ஏற்பில்லை. ஆனாலும் எழுபது ஆண்டுக்கு முந்தைய ஒரு பொழுதுபோக்கு நாவலை வரி வரியாகப் பிரித்துப் போட்டு மறுவிசாரணை நடத்தத் தோன்றியது என்றால், அந்த நாவலுக்குள் அவ்வளவு நெருக்கமான நெசவு இருக்கிறது என்று பொருள். 2013-இல் பிரிட்டனின் குற்றப்புனைவு எழுத்தாளர்கள் சங்கம் உறுப்பினர்களிடம் வாக்கெடுப்பு நடத்தியபோது, எக்காலத்துக்கும் சிறந்த குற்ற நாவலாக இதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

பாத்திரங்கள் எல்லாம் அட்டைப் பொம்மைகள்தானே?

இந்தக் குற்றச்சாட்டைச் சாதாரண ஆட்கள் தொடங்கிவைக்கவில்லை. அமெரிக்க விமர்சகர் எட்மண்ட் வில்சன் 1944-இல் 'த நியூயார்க்கர்' இதழில், ஜனங்கள் துப்பறியும் கதைகளை ஏன்தான் படிக்கிறார்களோ என்ற தொனியில் ஒரு கட்டுரை எழுதினார். கிறிஸ்டியின் பாத்திரங்களுக்கு ஆழமே இல்லை என்றார். வாசகர்களிடமிருந்து கண்டனக் கடிதங்கள் குவிந்தன. நீங்கள் தவறான புத்தகத்தைப் படித்துவிட்டீர்கள், இதைப் படியுங்கள், அதைப் படியுங்கள் என்று பட்டியலே அனுப்பினார்கள். அவரும் சிலவற்றைப் படித்துப் பார்த்துவிட்டு, 1945 ஜனவரியில் இரண்டாவது கட்டுரை எழுதினார். ரோஜர் ஆக்ராய்டை யார் கொன்றால் யாருக்கென்ன என்பதுதான் அதன் தலைப்பு. அமெரிக்கத் துப்பறியும் நாவலாசிரியர் ரேமண்ட் சாண்ட்லரும் அதே 1944-இல் ஓரியன்ட் எக்ஸ்பிரஸின் முடிச்சு இயல்புக்கு ஒவ்வாதது என்று எழுதினார்.

வில்சன் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. ஓய்வுபெற்ற கர்னல், கோபக்காரப் பணக்காரக் கிழவர், அடக்கமான செவிலி என்று பல நாவல்களில் ஆட்கள் அச்சில் வார்த்த மாதிரி வருவார்கள். அதை மறுத்துப் பயனில்லை. ஆனால் அந்த அச்சுகளைக் கிறிஸ்டி ஒரு கருவியாகப் பயன்படுத்துகிறார். 'அடக்கமான செவிலி' என்று நாமே ஒரு முத்திரை குத்திவிட்டு அந்த ஆளைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம், புவாரோ நிறுத்துவதில்லை. யாரை நாம் கவனிக்க மறந்தோம் என்பதில்தான் பல நாவல்களின் முடிச்சே இருக்கிறது. 'ஆஃப்டர் த ஃபியூனரல்' (1953) படித்துவிட்டு இதை யோசித்துப் பாருங்கள். அந்த முடிவில் எனக்கு வந்தது ஆச்சரியம் அல்ல, கூச்சம்.

தவிர, ஆழமே இல்லை என்கிறவர்களிடம் நீட்டுவதற்கு என்னிடம் ஒரு புத்தகம் இருக்கிறது: 'ஃபைவ் லிட்டில் பிக்ஸ்' (1942). அமியாஸ் கிரேல் என்ற ஓவியர் விஷத்தால் இறக்கிறார். மனைவி கரோலைன் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, சிறையிலேயே இறந்துபோகிறாள். பதினாறு ஆண்டு கழித்து மகள் புவாரோவிடம் வருகிறாள். தடயம் எதுவும் மிச்சமில்லை. அன்று அந்த வீட்டில் இருந்த ஐந்து பேரின் நினைவுகள்தான் மிச்சம். ஐவரும் தனித்தனியாக எழுதித் தருகிறார்கள். ஒரே நாள், ஒரே தோட்டம், ஒரே பெண். ஆனால் ஒவ்வொருவர் எழுத்திலும் கரோலைன் வேறு வேறு மனுஷி. கொலையாளியின் பெயரைவிட, அன்பு இல்லாமல் போன ஒரு வாழ்க்கை எப்படி வெறுமையாகிறது என்பதுதான் படித்து முடித்த பிறகும் மனசில் நிற்கும். முழு வரிசையிலும் எனக்கு முதலிடம் இதற்குத்தான். இதில் நான் யாரோடும் சமரசம் செய்துகொள்ளத் தயாரில்லை.

புவாரோவின் தற்பெருமை எரிச்சலூட்டுகிறதே!

எழுதியவருக்கே எரிச்சல் வந்தது. இந்தத் தொல்லைபிடித்த ஆளை ஏன்தான் படைத்தேனோ என்று தோன்றுவதுண்டு என 1938-இல் பத்திரிகையிலேயே எழுதினார். சொன்னதோடு விடவில்லை. தன் நாவல்களை மேடை நாடகமாக மாற்றும்போது புவாரோவைத் தூக்கிவிட்டார். 'டெத் ஆன் த நைல்', 'அப்பாயின்ட்மென்ட் வித் டெத்', 'த ஹாலோ', 'ஃபைவ் லிட்டில் பிக்ஸ்' நான்குமே அவர் கையால் நாடகமானபோது புவாரோ இல்லாமல்தான் மேடையேறின. 'த ஹாலோ' நாவலில் புவாரோவை நுழைத்ததே தவறு என்று தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். அந்த நாவலைப் படித்தவர்கள் அதை ஒப்புக்கொள்வார்கள். நீச்சல் குளத்தோரம் ஒருவர் சுடப்பட்டுக் கிடக்கிறார், அவரை நேசித்த மூன்று பெண்கள். அங்கே புவாரோ அழைக்காத விருந்தாளி மாதிரிதான் நிற்கிறார்.

ஆனாலும் வாசகர்கள் புவாரோவை விடவில்லை, பதிப்பகமும் விடவில்லை. எனக்கு அந்தத் தற்பெருமை பிடிக்கும். அவர் பெல்ஜியத்திலிருந்து முதல் உலகப்போர் துரத்திய அகதி. கிறிஸ்டியின் சொந்த ஊரான டார்க்கீயில் அப்போது பெல்ஜிய அகதிகள் தங்கியிருந்தார்கள். அங்கிருந்துதான் அந்தப் பாத்திரம் பிறந்தது. ஆங்கிலேயர்கள் அவரைப் பார்த்ததும் கோமாளி என்று முடிவு கட்டுகிறார்கள். அந்த மீசை, மினுங்கும் பூட்ஸ், உடைந்த ஆங்கிலம். வெளிநாட்டான்தானே என்று அவர் எதிரே அலட்சியமாகப் பேசிவிட்டு மாட்டிக்கொள்கிறார்கள். உடைந்த ஆங்கிலமும் பெருமையடிப்பதும் ஆட்களை அசட்டையாக இருக்க வைக்கும் உத்தி என்று 'த்ரீ ஆக்ட் டிராஜெடி'யின் முடிவில் அவரே சொல்லிவிடுகிறார்.

அவர் வயதைக் கணக்குப் போட்டால் இடிக்கிறதே?

இடிக்கத்தான் செய்யும். 1916-இல் எழுதிய முதல் நாவலிலேயே பெல்ஜியப் போலீஸிலிருந்து ஓய்வுபெற்றவர். 1972 வரை வழக்குகளை எடுத்துக்கொண்டிருந்தார். நூறு வயதைத் தாண்டியிருப்பார் என்று கிறிஸ்டியே ஒப்புக்கொண்டார். தொடக்கத்திலேயே இளைஞராக வைத்திருக்க வேண்டும் என்று வருந்தினார். 1966-இல் வந்த 'தேர்ட் கேர்ள்' நாவலின் தொடக்கத்தில் ஒரு பெண் உதவி கேட்டு வந்து, அவர் முகத்தைப் பார்த்ததும் நீங்கள் ரொம்ப வயசானவர் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறாள். அந்த ஒரு காட்சிக்காகவே அந்தச் சுமாரான நாவலை மன்னிக்கலாம்.

கேப்டன் ஹேஸ்டிங்ஸ் எல்லாக் கதையிலும் வருவாரா?

இல்லை. டி.வி. பார்த்துவிட்டுப் புத்தகத்துக்கு வருகிறவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. 33 நாவல்களில் எட்டில் மட்டும்தான் புவாரோவின் நண்பரும் கதைசொல்லியுமான ஹேஸ்டிங்ஸ். இரண்டாவது நாவலிலேயே கல்யாணம் முடித்து அர்ஜென்டினா அனுப்பிவிட்டார் கிறிஸ்டி. 1937-க்குப் பிறகு 'கர்ட்டன்' வரை நாவல்களில் தலைகாட்டுவதில்லை.

ஹேஸ்டிங்ஸ் இல்லாதது நஷ்டம் என்பது பலர் கருத்து. நாவல்கள் வளர்வதற்கு அவர் போனது உதவியது என்று நான் நினைக்கிறேன். அவர் கதை சொல்லும்போது எல்லாவற்றையும் அவர் கண்ணால்தான் பார்க்க முடியும். அவர் போனதும் கிறிஸ்டியால் சந்தேகத்துக்குரிய ஒவ்வொருவர் மனசுக்குள்ளும் கொஞ்சம் எட்டிப் பார்க்க முடிந்தது. பின்னால் வந்த துணை, எழுத்தாளர் அரியாட்னி ஆலிவர். அவர் தன் கதைகளுக்கு ஒரு ஃபின்லாந்துத் துப்பறிவாளரைப் படைத்துவிட்டு, அந்த ஆளைத் தாங்க முடியாமல் புலம்புகிறவர். கிறிஸ்டி தன் புலம்பலை எங்கே இறக்கிவைத்தார் என்று இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

எந்தக் காலகட்டம் உச்சம்?

1932 முதல் 1946 வரை. இதில் பெரும்பாலான வாசகர்கள் ஒத்துப்போவார்கள். 1936 ஒரே ஆண்டில் மூன்று புவாரோ நாவல்கள் வந்தன, மூன்றுமே காலத்தைக் கடந்து நின்றவை. தொல்லியல் அறிஞர் மேக்ஸ் மல்லோவனை 1930-இல் மணந்துகொண்டு அவரோடு ஈராக், சிரியா அகழாய்வுகளுக்குப் போன காலமும் இதுதான். 'மர்டர் இன் மெசபடோமியா'வில் அகழாய்வு முகாமின் புழுதியும் புழுக்கமும், ஒரே சாப்பாட்டு மேசையில் மாதக்கணக்கில் ஒரே முகங்களைப் பார்த்து எரிந்துவிழும் மனிதர்களும் அப்படியே இருக்கிறார்கள். முடிச்சு நம்பும்படி இல்லை என்ற புகார் நியாயமானது. ஒரு முக்கியமான விஷயத்தை ஒரு பாத்திரம் கண்டுபிடிக்காமல் இருந்திருக்க முடியாது. சூழலுக்காக நான் அதை இன்னும் விரும்புகிறேன்.

'டெத் ஆன் த நைல்' பற்றி ஒரு குறை அடிக்கடி வரும்: கொலை நடக்கவே நூறு பக்கத்துக்கு மேல் ஆகிறது. பொறுமையாக இருங்கள். அந்த நூறு பக்கத்தில்தான் எல்லாம் நடந்து முடிந்துவிடுகிறது.

த்ரில்லர் வேகம் எதிர்பார்க்கலாமா?

துரத்தல், துப்பாக்கிச் சண்டை எதிர்பார்த்தால் வேண்டாம். உலகத்தையே ஆட்டிப்படைக்கும் சதிக்கூட்டம், ரகசிய மலைக்குகை எல்லாம் 'த பிக் ஃபோர்' (1927) நாவலில் முயன்றார். தனித்தனியாக வந்த சிறுகதைகளைச் சேர்த்துத் தைத்த நாவல் அது, தையல் தெரியும். தாய் இறந்து, மணவாழ்க்கை முறிந்து, அவர் பதினோரு நாள் காணாமல் போய் நாடே தேடிய 1926-க்கு அடுத்து வந்தது. அந்தக் காலத்தில் அவருக்குப் பணம் வேண்டியிருந்தது. அதைப் புரிந்துகொண்டு தாண்டிப் போய்விடலாம்.

கடைசி நாவல்கள் ஏன் அப்படி இருக்கின்றன?

'எலிஃபன்ட்ஸ் கேன் ரிமெம்பர்' (1972) படித்தவர்கள் கேட்கும் கேள்வி. பேச்சு சுற்றிச் சுற்றி வருகிறது, தேதிகள் முரண்படுகின்றன, ஒரே விஷயம் இரண்டு மூன்று முறை வருகிறது. எழுதும்போது கிறிஸ்டிக்கு 81 வயது. டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-இல் அவருடைய பல நாவல்களைக் கணினியில் ஏற்றி ஒப்பிட்டார்கள். கடைசி ஆண்டுகளில் அவர் பயன்படுத்திய சொற்களின் வகை வெகுவாகக் குறைந்திருந்தது; சொற்றொடர்கள் திரும்பத் திரும்ப வந்தன; 'ஏதோ ஒன்று' மாதிரியான தெளிவில்லாத சொற்கள் பெருகியிருந்தன. மறதிநோயின் அறிகுறியாக இருக்கலாம் என்றார்கள். அவர் உயிரோடு இருந்தபோது எந்த மருத்துவரும் அப்படி ஒரு நோய் என்று அறிவிக்கவில்லை.

அந்த நாவலின் கதையே நினைவு பற்றியது. எப்போதோ நடந்த ஒரு இரட்டை மரணத்தை, அரைகுறையாக ஞாபகம் வைத்திருக்கும் முதியவர்களைத் தேடிப்போய் விசாரிக்கிறார் அரியாட்னி ஆலிவர். மட்டமான நாவல் என்று சிலர் ஒரு வரியில் தள்ளும்போது எனக்குக் கோபமே வருகிறது. புதிராக அது தோற்ற நாவல்தான். ஆனால் ஐம்பது ஆண்டு எழுதிய ஒரு கை, தன்னிடம் மிச்சமிருந்ததை வைத்து எழுதியது. இந்த வரிசையை நேசிக்கிறவர்கள் அதை மெதுவாகப் படிக்கலாம்.

'கர்ட்டன்' பற்றி? (புவாரோவின் முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் இதைத் தாண்டிவிடவும்)

புவாரோ அதில் இறக்கிறார். 1975 ஆகஸ்ட் 6 அன்று 'த நியூயார்க் டைம்ஸ்' முதல் பக்கத்தில் அவருக்கு இரங்கல் செய்தி வெளியிட்டது. ஒரு கற்பனைப் பாத்திரத்துக்கு அந்த இடம் கிடைத்தது அபூர்வம். அடுத்த ஐந்து மாதத்தில், 1976 ஜனவரி 12 அன்று கிறிஸ்டியும் காலமானார்.

பலருக்குத் தெரியாத விஷயம், அந்த நாவல் 1975-இல் எழுதப்பட்டது இல்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், லண்டன்மீது குண்டு விழுந்துகொண்டிருந்தபோது எழுதி, பெட்டகத்தில் பூட்டிவைத்தார். தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் மகள் ரோசலிண்டுக்கு வருமானம் வேண்டும் என்பதற்காக. அதனால்தான் அந்த நாவலில் தளர்ச்சி இல்லை. மொழி உச்சகட்ட கிறிஸ்டி. புவாரோ சக்கர நாற்காலியில், ஹேஸ்டிங்ஸ் மனைவியை இழந்தவராக, முதல் வழக்கு நடந்த ஸ்டைல்ஸ் மாளிகை வாடகை விடுதியாக.

முடிவில் புவாரோ எடுக்கும் முடிவைப் பற்றி வாசகர்கள் இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். கொலையை ஒருபோதும் ஏற்க மாட்டேன் என்று வாழ்ந்தவர் அவர். அவருக்கு அது பொருந்தவில்லை என்பது ஒரு தரப்பு. எனக்கு அது பொருந்துகிறது. அந்தக் கொலையாளியைச் சட்டத்தால் தொட முடியாது. தன் கொள்கையை மீறுவதற்கான விலை என்ன என்று தெரிந்துதான் புவாரோ அதைச் செய்கிறார், அந்த விலையையும் தானே கொடுக்கிறார்.

யூதர்கள், அரேபியர்கள் பற்றி வரும் வரிகளை எப்படி எடுத்துக்கொள்வது?

இருக்கின்றன, இல்லையென்று சொல்லக் கூடாது. இருபது, முப்பதுகளின் நாவல்களில் யூதர்களைப் பற்றிய இழிவான ஒற்றை வரிகள் வரும். 'நைல்' நாவலில் எகிப்துச் சிறுவர்களைப் பற்றி ஒரு பயணி அருவருப்போடு பேசுவார். 2023-இல் பதிப்பகம் சில நாவல்களின் புதிய பதிப்புகளில் இப்படிப்பட்ட வரிகளை நீக்கியும் மாற்றியும் வெளியிட்டது தெரியவந்தபோது பெரிய விவாதம் நடந்தது.

நீக்கக் கூடாது என்பதே என் நிலை. அந்த வரிகள் என்னையும் குத்துகின்றன. சாம்ராஜ்யத்தின் உச்சியில் இருந்தவர்கள் மற்றவர்களை எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு அவை சாட்சி. சாட்சியைத் துடைத்துவிட்டால் அந்தக் காலம் இல்லாத அளவுக்கு அழகாகிவிடும். ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்குக் கொடுக்கிறீர்கள் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள்.

டி.வி.யா, சினிமாவா, புத்தகமா?

டி.வி.யில் புவாரோவாக நடித்த டேவிட் சுஷே. வேறு பேச்சு இல்லை. 1989 முதல் 2013 வரை 70 அத்தியாயங்கள். எல்லா நாவல்களையும் முடித்தார். நடை, குரல், முட்டையை அளந்து பார்க்கும் பதற்றம் எல்லாம் புத்தகத்திலிருந்து எழுந்து வந்த மாதிரி. தொடக்க கால அத்தியாயங்கள் இதமானவை, பிற்காலத்தவை இருண்டவை. 2010-இல் வந்த ஓரியன்ட் எக்ஸ்பிரஸில் புவாரோவின் மத நம்பிக்கையையும் மனப் போராட்டத்தையும் பெரிதாக்கியதைச் சிலர் ஏற்கவில்லை. அந்தக் கடைசி நடையில் ஜெபமாலையைக் கையில் பிடித்தபடி போகும் அவர் முகத்தைப் பார்த்தபின் எனக்கு எந்தக் குறையும் சொல்லத் தோன்றவில்லை.

1974-இல் ஆல்பர்ட் ஃபின்னி நடித்த ஓரியன்ட் எக்ஸ்பிரஸும் நல்ல படம். கிறிஸ்டி பார்த்துப் பாராட்டிவிட்டு, மீசை மட்டும் போதவில்லை என்றார். கென்னத் பிரானா புவாரோவாக நடித்த படங்களில் மீசை போதுமான அளவுக்கு மேலேயே இருக்கிறது. அதற்கு ஒரு போர்க்காலக் கதையையும் சேர்த்தார்கள். காட்சிகள் அழகு, புதிர் மெலிவு.

எதைப் பார்ப்பதானாலும் புத்தகத்துக்குப் பிறகு பாருங்கள்.

சோஃபி ஹன்னா எழுதும் புதிய புவாரோ நாவல்கள்?

குடும்பத்தின் அனுமதியோடு 2014 முதல் எழுதிவருகிறார். முடிச்சுகள் சிக்கலானவை, ஒரு வகையில் தேவைக்கு மேல் சிக்கலானவை. கிறிஸ்டியின் தீர்வை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். இவருடையதைச் சொல்ல ஒரு பக்கம் வேண்டும். எல்லாவற்றையும் முடித்துவிட்டு ஏங்குகிறவர்கள் படிக்கலாம்.

கொலையாளி யாரென்று ஏற்கெனவே தெரிந்துவிட்டது. இனி படித்து என்ன பயன்?

பயன் பாதி மட்டும்தான் போயிருக்கிறது. இந்த வரிசையை ஒரே தடவை படித்துத் தூக்கிப் போடுகிறவர்களிடம் எனக்குச் சொல்ல ஒன்றுதான் உண்டு: இன்னொரு தடவை படியுங்கள். முதல் வாசிப்பில் நீங்கள் புவாரோவோடு ஓடுகிறீர்கள். இரண்டாம் வாசிப்பில் கிறிஸ்டியோடு உட்கார்கிறீர்கள். கொலையாளி வாய் திறக்கும் ஒவ்வொரு இடத்திலும் அந்தப் பேச்சுக்கு இரண்டு அர்த்தம் இருப்பது அப்போதுதான் தெரியும். ஒரு தடயத்தை வைத்த கையோடு சிரிப்பு மூட்டும் ஒரு வரியையோ யாரோ கதவைத் திறந்து வருவதையோ வைத்து நம் கவனத்தைத் திருப்புவதையும் பார்க்கலாம். 'ஏபிசி'யையும் 'ஃபைவ் லிட்டில் பிக்ஸை'யும் நான் இப்போதும் அதற்காகத்தான் எடுக்கிறேன். இரண்டாம் வாசிப்பில் தளர்ந்துபோகும் புவாரோ நாவல்களும் உண்டு. 'த க்ளாக்ஸ்' அப்படி. ஒரு நாவல் நல்லதா இல்லையா என்று தீர்மானிக்க எனக்கு இதைவிட நம்பகமான சோதனை தெரியாது.

ஆங்கிலம் சுமாராகத்தான் வரும். படிக்க முடியுமா?

முடியும். ஆங்கில நாவல் வாசிப்பைத் தொடங்குவதற்கே இவை நல்லவை. சின்னச் சின்ன வாக்கியங்கள், பெரும்பகுதி உரையாடல். நடுவில் புவாரோ பேசும் பிரெஞ்சுச் சொற்களுக்கு நின்று அகராதி பார்க்க வேண்டாம். கதை அவற்றில் தொங்குவதில்லை. ஆட்களின் பெயர்தான் குழப்பும். 'ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்' போன்ற கூட்டம் நிறைந்த நாவல்களுக்கு ஒரு தாளில் பெயர்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நாவலுக்கு நேரமில்லை. சிறுகதைகள் போதுமா?

தொடக்க காலச் சிறுகதைகள் பல அவசரமானவை, ஷெர்லக் ஹோம்ஸின் சாயல் தூக்கலாக இருக்கும். 'த லேபர்ஸ் ஆஃப் ஹெர்க்யூலிஸ்' (1947) மட்டும் வேறு தரம்: ஓய்வுபெறுமுன் கிரேக்க வீரனின் பன்னிரண்டு சாதனைகளுக்கு ஈடாகப் பன்னிரண்டு வழக்குகள் எடுப்பதாகப் புவாரோ முடிவு செய்கிறார். ஒரு கதைக்கு அரைமணி நேரம் போதும்.